உன் அம்மாவின் கடைசி மூங்கில்

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டபோது "சரிடா, பத்திரமா எடுத்துனு வரேன்" என்று சொன்னேன் இல்லையா, அது பொய். அம்மா கடைசியாகப் போட்ட மூங்கில் படம் பத்திரமாக இல்லை. அதைக் கெடுத்தவன் நான்தான். போனிலேயே சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. நீ அவ்வளவு சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தாய். "மேடையில அம்மா நிக்க வேண்டிய எடத்துல அந்தப் படத்த வெக்கணும் நைனா. ஃபிரேம் கூட வாணாம், அப்படியே வெக்கலாம்னு அவளும் சொல்றா" என்றாய். உனக்கு வரப்போகிறவள் பின்னாலிருந்து ஏதோ சொல்லிச் சிரித்தது எனக்கும் கேட்டது. இன்னும் மூன்று வாரத்தில் பூந்தமல்லி மண்டபத்தில் உனக்குக் கல்யாணம். அதற்குள் நடந்தது எல்லாம் உனக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்த பிறகு அந்த மேடைப் பக்கம் நான் வரலாமா கூடாதா என்று நீயே சொல். எதுவாக இருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன்.

கம்பெனி உன்னை ஆறு மாதம் சீனாவுக்கு டிரெயினிங் அனுப்பியது நினைவிருக்கும். அம்மாவுக்கு நுரையீரல் சுருங்கிக்கொண்டு வருகிறது என்று டாக்டர் சொல்லி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. நீ திரும்பி வந்தபோது எனக்கு ஒரு சட்டை, அவளுக்கு ஒரு மரப்பெட்டி. பெட்டியைத் திறந்தால் இரண்டு பிரஷ், கருப்பாய் ஒரு கட்டி, சின்னதாய் ஒரு கல், கூடவே சுருட்டிய வெள்ளைத்தாள். புடவை எதிர்பார்த்தவள் மாதிரி அவள் பெட்டிக்குள் கையை விட்டுத் தேடினாள். "இத்த வெச்சி இன்னாடா பண்றது, கோலமா?" என்று கேட்டாள். நீ அவள் போனில் ஒரு வீடியோ போட்டுக் காட்டினாய். ஒரு சீனக் கிழவர் பேசாமல் உட்கார்ந்து கருப்பு மையால் மூங்கில் வரைந்துகொண்டிருந்தார். கீழேயிருந்து மேலே பிரஷைத் தள்ளுகிறார், நிறுத்துகிறார், எடுக்கிறார், மறுபடியும் தள்ளுகிறார். நாலு நிமிஷத்தில் மூங்கில் நின்றது. நான் எழுந்து போய்விட்டேன். அவள் அதையே மூன்று தடவை பார்த்தாள்.

நீ வேலைக்குத் திரும்பிய பிறகு நம் கள்ளிக்குப்பம் வீட்டுச் சாப்பாட்டு மேஜை அவளுடையதாகிவிட்டது. காலையில் சமையலை முடித்துவிட்டு, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, சந்தனம் இழைக்கிற மாதிரி அந்தக் கட்டியைக் கல்லில் இழைப்பாள். பழகுவதெல்லாம் பழைய செய்தித்தாளில்தான். நீ வாங்கி வந்த தாளை மாதத்துக்கு ஒன்று, அதுவும் கை நன்றாக வருகிற நாளில் மட்டும் எடுப்பாள். அந்தத் தாள் மையை உறிஞ்சிக் கீழே விட்டுவிடும். முதல் நாளே மேஜைத் துணி பாழானது. அதனால் என்னுடைய எட்டு முழ வேட்டி ஒன்றை நாலாக மடித்துத் தாளுக்கு அடியில் போட்டுக்கொண்டாள். கட்டுகிற வேட்டியைக் கரியாக்குகிறாயே என்று நான் கத்தினேன். "நீங்க எங்க வேட்டி கட்றீங்க, எப்பப் பாரு லுங்கி" என்றாள். பச்சையாக இருக்கிற மூங்கிலை ஏன் கருப்பில் போடுகிறாய் என்று கேட்டதற்கு, "கருப்புலயே எத்தினி கலர் கீது பாருங்க" என்று தாளைத் தூக்கிக் காட்டினாள். உண்மையாகவே இருந்தது. பிரஷின் ஒரு பக்கம் அடர்த்தி, மறு பக்கம் தண்ணீர். ஒரே இழுப்பில் தண்டுக்கு வெயிலும் நிழலும் வந்திருந்தது. வாயைத் திறந்து நல்லா இருக்கு என்று சொல்லியிருக்கலாம். "கோடு நேரா இல்லியே" என்றுதான் சொன்னேன்.

நான் யார் என்று உனக்குத் தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்திரண்டு வருஷம் டிராஃப்ட்ஸ்மேன். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் டிரேசிங் தாளில் மையால் கோடு போட்டுச் சம்பளம் வாங்கியவன். எங்கள் தொழிலில் கோடு விட்டு விட்டு வந்தால் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. அந்த விளிம்பு பின்னால் மறைந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது என்று பொருள். தெரிகிற விளிம்பில் கோடு அறுந்தால் மெஷினில் நிற்பவர் தப்பாகப் படித்து இரும்பையே வீணாக்கிவிடுவார். அதனால் எங்கே இடைவெளி பார்த்தாலும் என் கை அதை அடைக்கப் போகும். தப்பு விழுந்தால் பாதி பிளேடால் சுரண்டிவிட்டு மறுபடியும் போடுவோம். ஆறாம் வகுப்பில் நீ வரைந்த இதயப் படத்தை ராத்திரி நான் எடுத்துத் 'திருத்தி' வைத்ததும், மறுநாள் டீச்சர் உன்னை யார் போட்டது என்று கேட்டு வகுப்புக்கு வெளியே நிற்கவைத்ததும் எனக்கு மறக்கவில்லை. சாயங்காலம் நீ நோட்டை என் முன்னால் வைத்துவிட்டுப் போனாய். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

உனக்குத் தெரியாத ஒன்றும் சொல்கிறேன். அம்மா பிரஷ் பிடித்தது அது முதல் தடவை இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியில் பார்சல் பிரிவில் இருந்தாள். வெளியூர் போகிற மரப்பெட்டிகள் மேல் போய்ச் சேர வேண்டிய ஊர்ப் பெயரைக் கருப்பு பெயிண்டில் எழுதுகிற வேலை. மற்றவர்கள் எழுத்து வெட்டிய தகடு வைத்து எழுதுவார்கள், அவள் தகடு இல்லாமல் எழுதுவாள். நான் வரைபடம் கொடுக்க அங்கே போனபோது முதலில் பார்த்தது அவள் முகத்தை இல்லை, ஒரு பெட்டியின் மேலிருந்த எழுத்தை. யார் இது என்று விசாரித்துத்தான் பெண் கேட்டேன். நீ பிறந்ததும் "போதும், வேலய உட்டுடு" என்று சொன்னவனும் நான்தான். அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தினாள். அந்த மீதியை அவளுக்காக நானே சொல்லி முடித்தேன், "கொழந்தைய யாரு பாத்துக்கறது, அதானே?" என்று. அவள் சொல்ல வந்தது அதுதானா என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. முப்பது வருஷம் கழித்து அவள் கை பிரஷை அவ்வளவு பழக்கமாகப் பிடித்ததைப் பார்த்தும் அந்தப் பெட்டிகள் எனக்கு நினைவுக்கு வரவில்லை. என்னை விடப் பெரிய குருடன் இருக்க முடியுமா சொல்.

ஒருநாள் நிஜ மூங்கிலைப் பார்க்க வேண்டும் என்றாள். அப்போதெல்லாம் ஆக்சிஜன் மிஷின் இல்லாமல் ஒரு மணி நேரம் வெளியே இருக்க முடிந்தது. திருமழிசை தாண்டி ஹைவே ஓரத்தில் சாரத்துக்கு மூங்கில் விற்கிற கடைக்கு வண்டியில் கூட்டிப்போனேன். கடைக்காரர், "இன்னாக்கா, சாரத்துக்கா பந்தலுக்கா? எத்தினி வேணும்?" என்று கேட்டார். "வாணாம்ணே, சும்மா பாக்கணும். படம் போடறேன்" என்றாள். அவர் என்னைப் பார்த்தார், நான் ரோட்டைப் பார்த்தேன். அவள் அடுக்கி வைத்த கழிகள் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனாள். ஒவ்வொரு கணுவிலும் நின்றாள். "இங்க கை வெச்சிப் பாருங்க. ரெண்டு துண்டு சேர்ற எடந்தான் கெட்டியா கீது" என்றாள். வண்டியில் ஏறும்போது, "இதெல்லாம் வெட்டினது. உசுரோட நிக்கிறத ஒருவாட்டி காட்டுங்க" என்றாள். அடுத்த வாரம் என்றேன். அடுத்த வாரம் மழை. அதற்கடுத்த வாரம் என்ன காரணம் சொன்னேன் என்று நினைவில்லை. அவள் உயிரோடு நிற்கிற மூங்கிலைப் பார்க்காமலே போனாள்.

அந்தக் கடைசி ஐந்தாறு மாதம் டாக்டரிடம் போனால் அவர் அவளைக் கேட்பார், நான் பதில் சொல்வேன். எப்படிம்மா இருக்கு என்றால், "பரவால்ல சார், தூக்கம்தான் இல்ல" என்பேன். அவளுக்கு ஒரு வாக்கியம் பேச நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்க வேண்டும். அந்த நேரத்தில் எல்லாரும் எங்களையே பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தாங்கவில்லை. அவளுக்கு உதவி செய்கிறேன் என்று நினைத்தேன். ஒருநாள் டாக்டரே பேனாவை வைத்துவிட்டு, "சார், அவங்க சொல்லட்டும். நேரமானா ஆவட்டும்" என்றார். நான் வெளியே போய் உட்கார்ந்துகொண்டேன், கோபமாக. உள்ளே அவள் கால் மணி நேரம் பேசினாள். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கடைசிப் படம் அவள் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள் காலையில் போட்டது. நீ வாங்கி வந்ததில் மிச்சமிருந்த ஒரே தாள். ஒற்றைத் தண்டு, ஆறு துண்டு, நடுவில் ஐந்து இடைவெளி, உச்சியில் ஒரு பக்கமாய் மூன்று இலை. அடியில் இருக்கிற இடைவெளி நெல் அளவு. மேலே போகப் போக அது அகலமாகி, கடைசி இடைவெளி என் கட்டைவிரல் அளவு இருந்தது. மேல் துண்டில் மை வறண்டு கோடு கோடாய் வெள்ளை தெரிந்தது. "கணுவுக்கு நாளிக்கி கோடு வெச்சிக்கலாம்" என்று பிரஷைக் கழுவி வைத்தாள். அந்த நாளை வரவில்லை. காரியத்துக்கு வந்தபோது நீ அந்தப் படத்தை எடுத்து வெகு நேரம் பார்த்தாய். "பத்திரமா வெய் நைனா" என்றாய். அந்த வாரமே வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று அவள் பழகிய செய்தித்தாள் கட்டை எல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். அவர் தூக்கிக்கொண்டு போகும்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

இந்தக் கார்த்திகையில் தலைத்திவசம் வந்தது. அதற்குப் பத்து நாள் முன்னால், உனக்குச் சொல்லாமல் அந்தப் படத்துக்கு ஃபிரேம் போட்டு அவள் போட்டோ பக்கத்தில் மாட்டலாம் என்று நினைத்தேன். பகல் பதினோரு மணி இருக்கும். மேஜைக் கண்ணாடி மேல் விரித்துப் பார்த்தேன். துண்டு துண்டாக இருந்தது. சொந்தக்காரர்கள் எல்லாம் வருவார்கள், பாவம், முடியாத கையால் போட்டிருக்கிறாள் என்று உச்சுக் கொட்டுவார்கள். அவள் கை அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும், தகடு இல்லாமல் எழுதின கை அது. அந்தக் கைக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று என் பழைய டிராயிங் பேனாவைத் தேடி எடுத்தேன். ஸ்கேல் வைத்து ஐந்து இடைவெளியையும் அடைத்தேன். மேல் துண்டில் தெரிந்த வெள்ளையையும் விடவில்லை. முடித்ததும் தண்டு அடியிலிருந்து நுனி வரைக்கும் ஒரே கோடாய், சைக்கிள் பம்பு மாதிரி நின்றது. எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அன்றைக்கே சாயங்காலம் திவசத்துக்குப் பெரிதாக்க அவள் போட்டோ ஒன்று வேண்டும் என்று அவள் போனைச் சார்ஜ் போட்டுத் திறந்தேன். போட்டோக்களுக்கு நடுவில் ஒரு வீடியோ. சீனக் கிழவரின் கையோடு தன் கையை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து எடுத்திருக்கிறாள். முகம் தெரியாது, கை மட்டும்தான். மிஷின் ஓடுகிற சத்தம். பிரஷ் கீழேயிருந்து மேலே போகிறது. அவள் தனக்குத்தானே பேசிக்கொள்கிறாள். "இதுவரிக்கும் ஒரு மூச்சு. எடு. இப்ப மூச்சு உடு. இங்க ஒண்ணும் போடக் கூடாது. உட்டாச்சா... இப்ப அடுத்தது." மறுபடியும் பிரஷ் போகிறது. மறுபடியும் "மூச்சு உடு". சமையலறையிலிருந்து என் குரல், "இன்னாமே அங்க முணுமுணுன்னுகினு கீற?" என்று. கை அப்படியே நிற்கிறது. "ஒண்ணும் இல்லிங்க" என்கிறாள்.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும். அந்த இடைவெளி கை நடுங்கி விழுந்ததில்லை. அது அவள் மூச்சு விட்ட இடம். மேலே போகப் போக மூச்சுக்கு அதிக நேரம் பிடித்தது, அதனால் இடைவெளி அகலமானது. கடைசி நாள் காலையில் அவள் எவ்வளவு கஷ்டப்பட்டு மூச்சு விட்டாள் என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே அடையாளம் அந்த ஐந்து வெள்ளை இடம்தான். அதைத்தான் ஸ்கேல் வைத்து அடைத்திருக்கிறேன். உயிரோடு இருந்தபோது அவளைப் பேசி முடிக்கவிடவில்லை. போன பிறகும் விடவில்லை. அன்றைக்கு நான் அழுத அழுகையைப் கேட்டுப் பக்கத்து ஃபிளாட் ஐடி பையனின் மனைவி வந்து கதவைத் தட்டினாள். ஒன்றும் இல்லைம்மா என்று அனுப்பினேன்.

அதோடாவது விட்டேனா? சுரண்டினால் மை போய்விடும் என்று பாதி பிளேடை எடுத்தேன். டிரேசிங் தாளில் போகும். இந்தத் தாள் பஞ்சு மாதிரி மேலெழும்பிக் கையோடு வந்துவிட்டது. மூன்றாவது கணுவில் விரல் நுழைகிற அளவு கிழிசல். சுருட்டிப் பீரோவில் போட்டேன். திவசத்துக்கு வந்த நீ கேட்டபோது பீரோவில் இருக்கிறது என்றேன். அது மட்டும்தான் பொய்யில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ மேடையில் வைக்கப்போகிறேன் என்றதும் இன்னும் கேவலமாக ஒன்று செய்யப் பார்த்தேன். நகல் எடுப்பது என் தொழில். அவள் போட்டது மாதிரியே ஒன்றைப் போட்டு, அவளுடையது என்று சொல்லி உன்னிடம் கொடுத்துவிடலாம் என்று திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் உட்கார்ந்து அவள் பிரஷாலேயே சாதாரணத் தாளில் போட்டுப் பார்த்தேன். அளவு எல்லாம் சரியாக வந்தது. இடைவெளிகூட நெல் அளவு, கட்டைவிரல் அளவு என்று சரியாகவே விட்டேன். பார்த்தால் என் கோடு. அதில் அவள் எங்கேயும் இல்லை. நீ ஒரு நொடியில் கண்டுபிடித்திருப்பாய்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்தச் சீனத்தாள் ஒன்றாவது மிச்சம் இருக்காதா என்று அவள் அலமாரியைக் குடைந்தபோதுதான் அந்த வேட்டி வந்தது. நாலாக மடித்து, பிரஷ் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தாள். நீ வாங்கி வந்த தாளில் அவள் போட்ட ஒவ்வொரு மூங்கிலும் அதில் ஊறி இறங்கியிருக்கிறது. ஒன்றின் மேல் ஒன்றாக, வெளுப்பாய், மங்கலாய், ஒரு தோப்பே இருக்கிறது. கடைசித் தண்டு எது என்று தேட வேண்டியிருக்கவில்லை. ஓரமாகத் தனியாக நின்றது. என் கிழிந்த தாளை அதன் மேல் வைத்துப் பார்த்தேன், ஆறு துண்டும் அச்சாகப் பொருந்தியது. நான் அடைத்தது எதுவும் அதில் இறங்கவில்லை, ஏனென்றால் நான் அடைத்தது கண்ணாடி மேல் வைத்து. வேட்டியில் ஐந்து இடமும் வெள்ளையாக இருக்கிறது. கட்டுகிற வேட்டியைக் கெடுக்கிறாய் என்று கத்தினேனே, அதில்தான்.

இதனால் என் தப்பு சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. தாள் தாள்தான், அது போனது போனதுதான். உன்னிடம் மன்னிப்பு கேட்கவும் கூசுகிறது, ஏனென்றால் கேட்க வேண்டியது உன்னிடம் இல்லை, அவளிடம். கல்யாணம் செய்துகொள்ளப்போகிற உனக்கு ஓர் அப்பன் சொல்ல வேண்டியது நிறைய இருக்கும். எனக்கு ஒன்றுதான் தெரியும், அதுவும் தப்பு செய்து தெரிந்துகொண்டது. அந்தப் பெண் பேசிக்கொண்டே வந்து நடுவில் நின்றால் நீ எதையும் எடுத்துக் கொடுக்காதே. சும்மா இரு. எவ்வளவு நேரமானாலும் இரு. அடுத்தது அவள்தான் ஆரம்பிக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால், இங்கே வருகிற அன்றைக்கு, உயிரோடு நிற்கிற மூங்கில் எங்கே இருக்கிறது என்று விசாரித்து அந்தப் பெண்ணைக் கூட்டிப்போய்க் காட்டிவிடு. அடுத்த வாரம் என்று சொல்லாதே.

கிழிந்த தாளையும் வேட்டியையும் ஒரே பார்சலாக இன்றைக்கே கூரியரில் போடுகிறேன். மேடையில் எதை வைப்பது, என்னை எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் உன் இஷ்டம். வேட்டியைப் பிரிக்கும்போது பார்த்துப் பிரி. நான் துவைக்கவில்லை. இஸ்திரி போடவில்லை. அவள் மடித்த மடிப்பிலேயே திரும்ப மடித்திருக்கிறேன். கரைப் பக்கம் ஒரு நூல் பிரிந்து நீளமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. பார்சல் கட்டும்போது கண்ணை உறுத்தியது, கத்தரிக்கோலை எடுத்துவிட்டேன். அப்புறம் வைத்துவிட்டேன்.

நைனா